கல்வியாண்டின் கடைசி வாரங்கள்: ஷாரோஷ்பாட்டாக்கில் கொமேனியஸ், 1650–1654

நம் இறையியற் கல்லூரிகளில் கல்வியாண்டு ஜூன் திங்களில் தொடங்குகிறது. மார்ச்சுத் திங்களின் முடிவில் ஓய்கிறது. தொடக்கத்தில் வகுப்பறைக்குள் நுழைவது ஆசிரியருக்கு இன்பமான பணியே. மாணாக்கர் புதியவர்; கேள்விகள் புதியவை; தேர்வு தொலைவில் நிற்கிறது. பெப்ருவரி பாதி கடந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. வெயில் ஏறுகிறது. லெந்து காலம் பிறந்ததும் மாணாக்கர் வாரந்தோறும் சபைகளுக்குச் செய்தி கொடுக்கப் புறப்படுகின்றனர். இறுதி ஆண்டினரின் மனம் எந்தச் சேகரத்துக்கு அனுப்பப்படுவோம் என்னும் கேள்வியில் உழல்கிறது. ஆசிரியரோ எஞ்சிய பாடங்களையும் எஞ்சிய நாள்களையும் எண்ணிப் பார்த்து, இரண்டும் பொருந்தா எனக் கண்டு, குறிப்புகளை வாசித்து எழுதவைக்கத் தொடங்குகிறார். ‘போர்ஷனை முடித்தல்’ என்று நாம் அனைவரும் வழங்கும் சொற்றொடர் அந்நாள்களின் நிலையை முழுவதும் சொல்லிவிடுகிறது.

இதனை வெறும் நிர்வாகத் தொல்லையென்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பாடத்திட்டத்தின் ஒழுங்கைச் சற்று நோக்குவோமாக. திருச்சபை வரலாற்றில் பெரும்பாலும் கடைசியாக வருவது நம்முடைய நாட்டுத் திருச்சபையும் நமக்கு அண்மையான நூற்றாண்டும். கோட்பாட்டியலில் கடைசியாக வருவது கடைசிக் காரியங்கள். மேய்ப்புப் பணியியலில் கடைசியாக நிற்பவை நோயாளியின் படுக்கையும் மரணத் தறுவாயும் துக்க வீடும். ஆகவே, இளம் போதகருக்கு முதல் மாதத்திலேயே எது தேவைப்படுமோ, அதுவே களைத்த செவிகளில் அவசர அவசரமாக ஊற்றப்படுகிறது. சேகரத்தில் அவர் காலடி வைத்த வாரத்திலேயே ஓர் அடக்க ஆராதனை காத்திருக்கக்கூடும். அதற்கென்று கல்லூரி அவரை ஆயத்தப்படுத்தியது மார்ச்சு மாதத்துப் பிற்பகல் ஒன்றில், மின்விசிறியின் கீழே, பாதி உறக்கத்தில்.

இத்தொல்லை நம் நாட்டில் பிறந்ததன்று. நம் காலத்தில் பிறந்ததும் அன்று. ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்கு முன்னர், ஹங்கேரி நாட்டின் வடகிழக்கிலுள்ள ஷாரோஷ்பாட்டாக் என்னும் சிற்றூரில், ஒரு பேராயர் இதனோடு நான்கு ஆண்டுகள் போராடினார். அவர் வென்றாரென்று சொல்ல முடியாது. எனினும் அவர் முயன்றவற்றுள் சில இன்றைக்கும் நாம் அறிந்துகொள்ளத்தக்கவை.

யான் அமோஸ் கொமேனியஸ் என்னும் பெயரை நம் வாசகருள் பலர் ஆசிரியப் பயிற்சி நூல்களில், ‘நவீனக் கல்வியின் தந்தை’ என்னும் பட்டத்தோடு கண்டிருப்பர். அவர் குருவானவர் என்பதையும், யான் ஹுஸின் வழிவந்த சகோதரர் ஐக்கியம் என்னும் திருச்சபையின் பேராயர் என்பதையும் அந்நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1592-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் மொராவியாவில் பிறந்த அவர், பன்னிரண்டு வயதளவில் பெற்றோரை இழந்தார். லத்தீன் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. அங்கே அவர் கண்டவை மனப்பாடமும் பிரம்பும். இளமையின் வசந்தகாலம் பள்ளியின் வெறுமையில் வீணாயிற்றென்று பின்னாளில் அவர் வருந்தி எழுதினார். வீணானது தமது இளமை மட்டுமன்று, ஆயிரக்கணக்கானோரின் இளமை என்பதே அவர் துயரம். அவருடைய கல்விச் சிந்தனை முழுவதற்கும் இந்தத் துயரமே ஊற்றுக்கண் என்பது நம் கருத்து.

ஹெர்போர்னிலும் ஹைடெல்பர்க்கிலும் இறையியல் பயின்று, 1616-இல் குருப்பட்டம் பெற்று, 1618 முதல் ஃபுல்னெக் நகரச் சபையைக் கண்காணித்தார். 1620-இல் வெண்மலைப் போரில் போகேமியாவின் புராட்டஸ்டாந்தர் தோற்றனர். ஃபுல்னெக் சூறையாடப்பட்டது; அவர் தலைமறைவானார்; 1622-இல் கொள்ளைநோய் அவர் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொண்டுபோயிற்று. 1628-இல் ஐக்கியத்தாரோடு போலந்திலுள்ள லெஷ்னோவுக்கு நாடுகடந்து சென்றார். அங்கேதான், 1631-இல், ‘மொழிகளின் திறந்த வாயில்’ என்னும் லத்தீன் பாடநூல் வெளிவந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. சொல்லைப் பொருளோடு சேர்த்துக் கற்பிக்கும் நூல் அது. 1648-இல் அவர் ஐக்கியத்தின் தலைமைப் பேராயரானார். அதே ஆண்டில் முடிவான வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை, ஐக்கியத்தார் தாய்நாடு திரும்பும் நம்பிக்கையை அடைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் 1650-இல் ராக்கோட்சி குடும்பத்தாரிடமிருந்து அழைப்பு வந்தது. டிரான்சில்வேனியா இளவரசராயிருந்து காலமான முதலாம் கியோர்கி ராக்கோட்சியின் விதவை சுசன்னா லொராண்ட்ஃபி, சீர்திருத்தச் சபையின் பற்றுறுதியுள்ள அம்மையார். அவரும் அவர் மகன் சிகிஸ்மண்டும் ஷாரோஷ்பாட்டாக்கிலிருந்த தங்கள் பள்ளியைப் புதுப்பிக்க விரும்பினர். கொமேனியஸ் அவர்கள்முன் வைத்த திட்டம் பெரிது: ஏழு வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி ஆசிரியர், தனி நூல். நான்கு ஆண்டுகளில் திறக்கப்பட்டவை மூன்று வகுப்புகளே. 1652-இன் தொடக்கத்தில் சிகிஸ்மண்ட் இளமையிலேயே மரித்தபோது திட்டத்தின் பெருந்துணை ஒடிந்தது.

அங்கு அவர் கண்ட முதல் எதிரி அறியாமையன்று, சோர்வு. மாணாக்கர் அசைந்து கொடுக்கவில்லை. ஆசிரியர் பலர் பழைய முறையை விட மனமில்லாதிருந்தனர். 1652-இல், பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் யோவாக்கிம் ஃபோர்த்தியுஸின் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஒரு சிறு நூலைக் கொமேனியஸ் எழுதினார். பள்ளிகளிலிருந்து சோம்பலை விரட்டுவது பற்றியது அது. ஆசிரியர் கூட்டங்களில் சோம்பலைப் பற்றிய பேச்சு எழுந்தால், அது மாணாக்கரைப் பற்றிய பேச்சாகவே முடியும். இது அன்றும் இன்றும் வழக்கம். கொமேனியஸ் அப்படி முடிக்கவில்லை. மாணாக்கரின் சோம்பலைக் கூறிய கையோடு ஆசிரியரின் சோம்பலையும், பள்ளியை ஆளுவோரின் சோம்பலையும் அதே கண்டிப்போடு ஆராய்கிறார். பேராயரும் பள்ளித் தலைவருமாகிய ஒருவர் இதனை எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்து அவர் காலத்தை ஒழுங்குபடுத்தினார். இதில் அவர் காட்டிய நுணுக்கம் வியப்புக்குரியது. ஒரு மணி நேரம் பாடம் நடந்தால் அதன்பின் அரை மணி நேரம் ஓய்வு. புதன், சனி ஆகிய நாள்களின் பிற்பகல்கள் விடுமுறை. பெரும் பண்டிகைகளை ஒட்டிச் சில நாள்கள். திராட்சை அறுவடையின்போது ஒரு முழு மாதம். ஷாரோஷ்பாட்டாக் புகழ்பெற்ற டோக்காய் திராட்சை நிலத்தைச் சார்ந்த ஊர். அறுவடைக் காலத்தில் சிறுவரைப் பள்ளியில் கட்டிவைப்பது அங்கு இயலாத காரியம். இயலாததை ஏற்றுக்கொண்டு அதனையே ஒழுங்காக்கினார். ‘பெரும் போதனை முறை’ என்னும் தம் நூலில், சிறுவர் பள்ளிக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே போதுமென்று அவர் முன்பே எழுதியிருந்தார்: முற்பகல் அறிவுக்கும் நினைவுக்கும், பிற்பகல் கைக்கும் குரலுக்கும். உண்ட மயக்கத்தில் இருப்பவனுக்கு விரிவுரை செய்யாதீர், அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள் என்பது இதன் உட்பொருள். பிற்பகல் இரண்டு மணிக்கு எபிரேய இலக்கணம் வைக்கும் நம் கால அட்டவணைகளை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

தேர்வைக் குறித்து அவர் செய்தது இன்னும் முக்கியமானது. 1653-இல் அவர் வகுத்த பள்ளிச் சட்டங்களில் தேர்வு ஆண்டின் முடிவில் ஒரே மலையாகக் குவியாமல் ஆண்டு முழுவதும் பரப்பப்பட்டது. ஒவ்வொரு பாடவேளையிலும் ஆசிரியர் கேட்டறிவார். நாள்தோறும் பத்துப் பேருக்கு ஒருவராக வைக்கப்பட்ட மாணவத் தலைவர் கேட்டறிவார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை போன்றவர் இவர் என்று கொள்ளலாம். வார முடிவில் மாணாக்கர் தமக்குள்ளே ஒருவரையொருவர் சோதிப்பர். மாதந்தோறும் தலைமையாசிரியர், பின்பு காலாண்டுக்கு ஒருமுறை, ஆண்டு முடிவில் பள்ளிக் காவலர் முன்னிலையில் பெருந்தேர்வு. இத்தனை படிகளைக் கேட்டவுடன் சுமை கூடியதென்று தோன்றலாம். உண்மையில் சுமை பிரிந்தது. அன்றன்று கேட்கப்பட்டவனுக்குக் கடைசி வாரம் அச்சுறுத்தும் வாரமன்று. அச்சம் நீங்கிய இடத்தில்தான் புதிய ஒன்றைக் கற்பிக்க இடம் பிறக்கும்.

இனி நாடகத்தின் கதைக்கு வருவோம். லெஷ்னோவிலிருந்தபோதே அவர் மாணாக்கரைக் கொண்டு நாடகங்களை நடத்தியவர். 1640-இல் தத்துவஞானி டையோஜெனிஸைப் பற்றிய நாடகம், 1641-இல் முற்பிதாவாகிய ஆபிரகாமைப் பற்றிய நாடகம். ஷாரோஷ்பாட்டாக்கிலும் அவ்வாறு செய்ய விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. நாடகம் யேசுசபையார் பள்ளிகளுக்குரியது, சீர்திருத்தச் சபையின் பள்ளிக்கு அது தகாது என்றனர். உம்மை அழைத்தது வேறு காரியத்துக்கு என்னும் தொனியும் அதில் இருந்தது. நம் சபைகளில் கூத்தையும் நாடகத்தையும் பற்றி முன்னோர் கொண்டிருந்த ஐயத்தை அறிந்தவருக்கு இக்காட்சி புதிதன்று. கொமேனியஸ் பொறுமையாயிருந்தார், ஆனால் எண்ணத்தைக் கைவிடவில்லை.

அவர் அங்கிருந்து விடைபெற வேண்டிய காலம் அணுகிக்கொண்டிருந்தது. மாணாக்கர் பழைய பாடநூலில் களைத்திருந்தனர். அந்நிலையில் அவர் ‘திறந்த வாயில்’ பாடநூலையே எட்டு நாடகங்களாக மாற்றியமைத்தார். தாலமி மன்னன் பிளேட்டோ, எரட்டோஸ்தெனிஸ், அப்பொல்லோனியுஸ், பிளினி ஆகிய நால்வரையும் அழைத்து, உலகத்துப் பொருள்களையும் அவற்றின் பெயர்களையும் மீண்டும் ஒழுங்காக அறிய வழி கேட்கிறான். பின்பு மேடைக்குப் பொருள்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. முதலில் இயற்கை, பிறகு மனித உடலும் உள்ளமும், கைத்தொழில்கள், தொடக்கப் பள்ளி, உயர்கல்விக் கழகம், ஒழுக்க வாழ்வு, குடும்பமும் நகரும், கடைசியில் அரசும் சமயமும். நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘ஸ்கோலா லூதுஸ்’. லத்தீனில் ‘லூதுஸ்’ என்னும் ஒரே சொல் விளையாட்டையும் குறிக்கும், சிறுவர் பள்ளியையும் குறிக்கும். தலைப்பின் குறும்பு அங்கே இருக்கிறது. 1654-இல் சுசன்னா அம்மையாரின் முன்னிலையில் மாணாக்கர் நடித்தனர். பார்த்தவர் மகிழ்ந்தனர், எதிர்ப்பு அடங்கியது.

நேர்மையாகச் சொல்வதானால், அந்நாடகங்கள் இன்று வாசிப்பதற்குச் சலிப்பானவை. கதைப்பின்னல் இல்லை, பாத்திரங்களுக்கு உள்ளம் இல்லை. ஒருவன் கல்லைக் கொண்டுவந்து பெயர் சொல்கிறான். மற்றொருவன் உலோகத்தைக் கொண்டுவந்து பெயர் சொல்கிறான். நாடக இலக்கியத்தில் அவற்றுக்கு உயர்ந்த இடம் கொடுப்பது இயலாது. ஆனால் அவை வாசிப்பதற்கென்று எழுதப்பட்டவையல்ல. பேசியவனுக்கு அது பாடம். பார்த்துக்கொண்டிருந்த தோழனுக்கும் அது பாடம். பெற்றோர் முன்னிலையில் தன் வாயால், தன் கையில் பொருளை ஏந்திச் சொன்ன சொல்லைச் சிறுவன் மறப்பதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சுட்ட விரும்புகிறோம். நம் கல்லூரிகளிலும் ஆண்டு முடிவில் விழா எடுக்கிறோம். ஒத்திகைக்காக வகுப்புகள் நிறுத்தப்படுகின்றன; மேடையில் பலவும் நடைபெறுகின்றன; ஆனால் ஆண்டு முழுவதும் கற்பித்த பாடத்தில் ஒரு துளியும் மேடையேறுவதில்லை. கேளிக்கை ஒரு புறம், பாடம் ஒரு புறம். கொமேனியஸ் சலித்த பாடத்தின்மேல் சர்க்கரை தூவவில்லை. பாடத்தை ஆசிரியரின் வாயிலிருந்து எடுத்து மாணாக்கரின் வாயில் வைத்தார். படங்களோடு கூடிய உலகப் பாடநூலும், 1658-இல் நூரென்பர்க்கில் அச்சேறிப் பல தலைமுறைகள் வழங்கிய ‘சித்திர உலகம்’, ஷாரோஷ்பாட்டாக்கில் உருவானதே. களைப்பூட்டிய வகுப்பறை அவருடைய சிறந்த நூல்களுள் இரண்டைப் பெற்றெடுத்தது எனலாம். (அதே ஆண்டுகளில் டிராபீக் என்பவரின் அரசியல் தீர்க்கதரிசனங்களுக்கு அவர் கொடுத்த செவியைக் குறித்து இங்கு எழுதப் புகவில்லை. பெரியோரின் அறிவுக்கும் இடைவெளிகள் உண்டு.)

1654-இல் அவர் லெஷ்னோவுக்குத் திரும்பினார். 1656-இல் அந்நகரம் தீக்கிரையானபோது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொகுத்துவந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப்படி உட்படப் பலவற்றை இழந்தார். ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்து, 1670-இல் மரித்தார்.

அவருக்குப் பின் அவர் சிந்தனையின் ஒரு பகுதி ஹாலே நகருக்குச் சென்றது. ‘பொதுக் கலந்தாய்வு’ என்னும் அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1702-இல் ஹாலேயில் மறுபதிப்பாயிற்று. அந்நகரின் புறத்தே கிளாவுகாவில் 1695-இல் ஆகஸ்டு ஹெர்மன் ஃப்ராங்கே ஏழைப்பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய பள்ளி, அநாதை இல்லமும் உயர்பள்ளியும் அச்சகமும் மருந்தகமுமாக விரிந்தது. ஃப்ராங்கேயின் உயர்பள்ளியில் மாணாக்கர் மரம் கடைந்தனர், கண்ணாடி தீட்டினர், செடிகளைச் சேகரித்தனர், தொழிற்பட்டறைகளைச் சென்று கண்டனர். ஆயினும் நாடகமும் விளையாட்டும் பக்திநெறிக்கு ஒவ்வாதவை என்று விலக்கப்பட்டன. கொமேனியஸின் கையை ஹாலே ஏற்றுக்கொண்டது. அவருடைய சிரிப்பை ஏற்கவில்லை. இந்தக் குறையோடுதான் அந்த மரபு நம் கரைக்கும் வந்தது. ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். விரைவிலேயே பள்ளிகள் எழுந்தன. 1716-இல் நாட்டு ஆசிரியரையும் உபதேசியாரையும் ஆயத்தப்படுத்தும் கல்விக்கூடமும் எழுந்தது. நம் இறையியற் கல்லூரிகளின் முன்னோடி அதுவே.

விலக்கப்பட்ட நாடகம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், ஹாலே மரபினராகிய சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் தஞ்சைக்கு வந்தார். தரங்கம்பாடியில் இறையியல் பயின்றார். தஞ்சையில் இளவயதிலேயே பள்ளி ஆசிரியரானார். அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினியின் காதலும் குறத்தியின் குறியும் மட்டுமா இருக்கின்றன? கோள்களின் ஓட்டமும் நிலவுலகின் அமைப்பும், மிஷன் பள்ளியில் கற்ற புதிய அறிவும் பாட்டாகி நிற்கின்றன. உலகத்துப் பொருள்களின் பெயரை மேடையில் சொல்லவைத்த ஷாரோஷ்பாட்டாக் ஆசிரியரை இவர் வாசித்தாரென்று நாம் கூறவரவில்லை. ஒரே தேவைக்கு இருவரும் ஒரே விடையைக் கண்டனர். ஒருவர் லத்தீன் உரையாடலில், மற்றவர் தம் மக்களுக்கு ஏற்கெனவே இனித்துக்கொண்டிருந்த குறவஞ்சியில். பின்னவருடையதே சிறந்த இலக்கியம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இம்மரபு ஏன் நம் பள்ளிகளில் தழைக்கவில்லை என்று கேட்போருக்குப் பல காரணங்கள் சொல்லலாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தியமைத்த விதித்தொகுப்பு, பள்ளிகளுக்கான அரசு மானியத்தைப் பிள்ளைகளின் வருகையோடும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஆய்வாளர் முன்னிலையில் ஒவ்வொரு பிள்ளையும் பெறும் தேர்ச்சியோடும் பிணைத்தது. தேறினால் பணம், தவறினால் இல்லை. 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு, இம்முறை கற்பித்தலை இயந்திரமாக்கிவிட்டதென்று தம் அறிக்கைகளில் கண்டித்தார். அப்படியிருந்தும் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ என்னும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வேரூன்றியது. மிஷன் பள்ளிகள் பல அம்மானியத்தை நம்பியே நடந்தன. ஆசிரியரின் சம்பளம் ஆய்வாளர் வரும் ஒரே நாளைப் பொறுத்தது. அந்நாளுக்கு முந்தைய வாரங்களில் வகுப்பறை எப்படி இருந்திருக்குமென்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. தேறக்கூடிய பிள்ளை மீண்டும் மீண்டும் உருப்போட வைக்கப்பட்டான். தேறாதவனைக் கவனிப்பது நட்டம். தேர்வில் இல்லாத பாடம் வீண். இங்கிலாந்தில் 1890-களிலும், நம் நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலும் அம்முறை கைவிடப்பட்டது. மானியம் போயிற்று, மனப்பான்மை போகவில்லை. ஆண்டின் கடைசிப் பகுதி தேர்வுக்குச் சொந்தமானது, கற்பித்தலுக்கன்று என்னும் எண்ணம் நம்முள் இன்னும் இருக்கிறது. அதனை நாம் கல்வியின் இயல்பென்று கருதுகிறோம்; அது ஒரு கணக்கு அலுவலகத்தின் பழைய விதி.

ஷாரோஷ்பாட்டாக்கிலிருந்து நம் இறையியல் வகுப்புகளுக்கு எதைக் கொண்டுவரலாம்? வெளித்தேர்வை நம்மால் நீக்க முடியாது. ஆனால் பாடத்தின் வரிசை நம் கையில் இருக்கிறது. அடக்க ஆராதனையையும் துக்க வீட்டு ஊழியத்தையும் அக்டோபரில் கற்பிப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. நிசேயா சங்கத்தைப் பற்றிய குறிப்பை ஐந்தாவது முறையாக எழுதவைப்பதற்குப் பதிலாக, வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஆரியுஸின் வாதத்தையும் மறுபக்கம் அலெக்சாந்திரியா பேராயரின் வாதத்தையும் அவர்களே பேசும்படி விட்டால் ஒரு மணி நேரம்தான் செலவாகும். அதற்கு முந்தைய இரவில் அவர்கள் வாசிப்பது, ஒரு மாதம் எழுதியதைவிட மிகுதியாயிருக்கும்.

கோடைக்காலத்தில் நம் மாணாக்கர் விடுமுறை வேதாகமப் பள்ளிகளை நடத்தச் செல்கின்றனர். அதற்கான பாட்டும் கதையும் அபிநயமும் தனியே இரண்டு மூன்று நாள் பயிற்சியில் தரப்படுகின்றன. கல்லூரிப் பாடத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லாததுபோல் நடந்துகொள்கிறோம். உடன்படிக்கை என்னும் கோட்பாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லத் தெரியாத மாணாக்கருக்கு அது இன்னும் விளங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். மார்ச்சு மாத வகுப்பில் ஒவ்வொருவரும் அவ்வாண்டில் கற்ற ஒரு கோட்பாட்டை எடுத்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடமாக அமைத்து, தோழர் முன்னிலையில் நடத்திக் காட்டட்டும். அது திருப்புதலுமாகும், தேர்வுக்கு ஆயத்தமுமாகும், மே மாதத்துக்கும் உதவும். ஆசிரியர் அப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பல ஆசிரியருக்கு இதுதான் கடினம்.

ஆசிரியரின் களைப்பையும் மறந்துவிடக்கூடாது. கொமேனியஸ் அரை மணி ஓய்வை மாணாக்கருக்கு மட்டும் வகுக்கவில்லை. ஆசிரியரும் அந்த அரை மணியில் மூச்சு வாங்கினார். நம்மில் பலர் வகுப்போடு சேகரத்தையும் சுமக்கிறோம். லெந்து காலத்தில் ஏழு செய்திகளும் நான்கு வகுப்புகளும் ஒரே வாரத்தில் விழும்போது, வகுப்புதான் பழைய குறிப்பேட்டிலிருந்து நடத்தப்படுகிறது. கல்லூரி நிர்வாகங்கள் இதனை அறிந்தும் அறியாததுபோல் இருப்பது, கொமேனியஸின் சிறு நூல் சுட்டிய மூன்றாம் வகைச் சோம்பலைச் சேர்ந்தது என்று அஞ்சுகிறோம்.

‘பொதுக் கலந்தாய்வு’ என்னும் அப்பெருநூலைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. அதன் கையெழுத்துப்படிகளின் பெரும்பகுதி தொலைந்துபோயிற்றென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1930-களின் நடுவில் திமித்ரி சிசெவ்ஸ்கி என்னும் அறிஞர் அவற்றை ஹாலேயில், ஃப்ராங்கேயின் அநாதை இல்லத்து நூல்களஞ்சியத்தில் கண்டெடுத்தார். தரங்கம்பாடிக்கு ஊழியரை அனுப்பிய அதே இல்லம் அது. நூல் 1966-இல் பிராகில் முழுமையாக அச்சேறியது. அதில் கல்வியைப் பற்றிய பகுதி மனித வாழ்வு முழுவதையும் வரிசையான பள்ளிகளாகப் பிரிக்கிறது: கருவிலும் மழலையிலும் தொடங்கி, சிறுவர், இளைஞர், முதிர்ந்தோர் என்று ஏறி, முதுமையின் பள்ளிக்கும் மரணத்தின் பள்ளிக்கும் வருகிறது. முதுமைப் பள்ளியின் பாடத்திட்டத்தில் மூன்று காரியங்கள் குறிக்கப்பட்டுள்ளன: கடந்துபோன வாழ்வை நன்றாகத் துய்ப்பது, மீந்திருக்கும் பணியைச் செவ்வையாகச் செய்வது, முழுவதையும் நன்றாக முடித்து அழியாத வாழ்வுக்குள் நுழைவது. ஆம்ஸ்டர்டாமில் எழுபது வயது கடந்தும் அவர் அந்நூலைத் திருத்திக்கொண்டிருந்தார். அது முடியாமலே அவர் மரித்தார்.